பந்தலுக்குக் கீழே பழகிய பந்து

இராயப்பன்பட்டி இம்மானுவேல் கோல்ஃப் பந்தை ஓங்கி அடித்தால் அது கேரளாவில் இறங்கி டீ குடித்துவிட்டுத்தான் உருளும். ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்து, பந்தை மெல்லத் தூக்கிப் போட வேண்டிய இடத்தில் மனிதருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

சம்பந்தி கிறிஸ்டோபர் போடியில் ஏலக்காய் வியாபாரி. மலை மேலிருக்கும் கிளப்பில் இருவரும் மாதம் ஒருமுறை ஆடுவார்கள். மாதம் ஒருமுறை இம்மானுவேல் தோற்பார். பேரன் பிறந்ததும், எந்த வீட்டுப் பூட்டன் பெயரை வைப்பது என்று வழக்கு வந்தது. இம்மானுவேலின் அப்பா ஏசுதாசன். கிறிஸ்டோபரின் அப்பா சேவியர். ஆட்டத்தில் ஜெயித்தவர் அப்பா பெயர்தான் பிள்ளைக்கு என்று பந்தயம். தோற்றவர் அதைக் கோயிலில் தன் வாயால் சொல்ல வேண்டும். இதற்காக ஞானஸ்நானத்தையே மூன்று மாதம் தள்ளி வைத்த புண்ணியவான்கள்.

மூன்று மாதமும் தினசரி இம்மானுவேல் குழிக்குப் பக்கத்தில் அடிக்கும் அந்தக் குட்டை அடியைப் பழகினார். எங்கே? தன் திராட்சைப் பந்தலுக்குக் கீழே. தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கம்பி, கம்பி நிறையக் குலை. பந்து எழும்பினால் குலை உதிரும். குலை உதிர்ந்தால் மனைவி ரோசம்மாள் வருவார். அந்தப் பயத்தில் பந்து தரையை நக்கிக்கொண்டே போய், படுக்கவைத்த வாளிக்குள் நூற்றுக்கு நூறு நுழைந்தது.

"வெளிய வந்து ஒருக்கா தூக்கி அடிச்சுப் பாருப்பா" என்றேன், பந்தலோரம் நின்று வேடிக்கை பார்த்த நான்.

"வெயிலடிக்குதுல்ல அண்ணே. எங்கன பழகுனா என்ன, பந்து பந்துதான?"

பென்ஷன் வாங்குவதைத் தவிர வேறு ஜோலியில்லாத நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனேன். கடைசிக் குழி வரை இருவரும் சமம். இம்மானுவேலின் பந்துக்கும் குழிக்கும் முப்பதடி. நடுவில் ஒரு மணல் பள்ளம், அதன் விளிம்பில் இடுப்பளவு மேடு. தூக்கிப் போட்டால் ஏசுதாசன்.

அடிக்கும் முன் மனிதர் அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் ஆகாயம். ஆனாலும் முதுகு தானாகக் குனிந்தது. பந்து விசுவாசமாகத் தரையோடு ஓடி மணலில் படுத்தது. அங்கிருந்து அடித்தார், மேட்டில் முட்டித் திரும்பி வந்து அவர் காலடியிலேயே நின்றது. ஏழு தடவை. நான் எழுபது என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன்.

"என்ன சம்பந்தி, போர் போடுறீகளா? தண்ணி வந்துச்சா?" என்றார் கிறிஸ்டோபர்.

"மேல குலை தொங்குற மாதிரியே இருக்கு சம்பந்தி."

வீட்டுக்கு வந்ததும் ரோசம்மாள் தீர்ப்புச் சொன்னார். "மூணு மாசத்துல ஒரு திராட்சை உதிரல. மாமா பேரு மட்டுந்தான் உதிர்ந்துபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பங்குச்சாமி, "பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். தோட்டத்தில் கூப்பிட்டால் கம்பம் பஸ் நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் குரல், அன்று கொசுவுக்குக்கூடக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா" என்றார் சாமி.

கிறிஸ்டோபர் காதில் கையைக் குவித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்து நின்றார்.

"சேவியர்" என்றார் இம்மானுவேல்.