மூன்றாவது விதி

அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மூன்று நிமிடம் நாற்பது நொடி ஓடியது. ஜெயம்மாள் அவ்வளவு நீளமாகப் பேசினால் ஊரில் யாராவது செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஷூ கம்பெனி கொடுத்திருந்த அறையில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்த வசந்த், ஈரக்கையைத் துடைத்துவிட்டு அதைக் கேட்டான். ஊரில் யாரும் சாகவில்லை.

"டேய் வசந்தா, உன்ன அங்க ஷூவ செக் பண்ண அனுப்பனாங்களா, ஊர்ல இருக்கறவன் யோக்கியதைய செக் பண்ண அனுப்பனாங்களா? பாஷா அண்ணன் பாட்டு மோசடின்னு எழுதிப் போட்டியாமே! நேத்து டேனரில ஃபுல்லா, 'இன்னா பாய், ஸ்டூடியோ எங்க இருக்குது, எங்களுக்கும் சொல்லேன்'னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கறானுங்க. அந்த மனுசன் மத்தியானம் சோத்துப் பையையே பிரிக்கல. நீ யாரக் கேட்டு எழுதனே? அந்தப் பாட்டுக்குப் போனப் புடிச்சதே நான்டா. அப்போ நானும் திருடியா? உங்கம்மா திருடியா? சொல்லு!"

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் திட்டு. நடுவில் ஒரே ஒரு செய்தி இருந்தது. அதை மட்டும் வசந்த் மூன்று முறை திருப்பிக் கேட்டான்.

"எக்கோவாம் எக்கோ. புது டிரம்முக்குள்ள நின்னு பாடனாரு, குரல் அப்படித்தான் சுத்தி வரும். ஒரு வார்த்த கேட்டியா நீ?"

போட்டியை ஆரம்பித்ததே வசந்த்தான். ஆம்பூரிலிருந்து வந்து தனியாகக் கிடக்கிற இருபத்து நான்கு வயதுப் பையனுக்கு சாயந்தரமானால் செய்ய ஒன்றும் இல்லை. 'சும்மா பாடு' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். சம்பளத்துக்குப் பாடுகிறவர்கள் வேண்டாம், மற்ற யார் வேண்டுமானாலும் பாடலாம். விதிகள் மூன்றே மூன்று. ஒன்று, போனில்தான் பதிவு பண்ண வேண்டும். இரண்டு, ஒரே மூச்சில் பாட வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. மூன்று, எக்கோ வைக்கக் கூடாது. ஆம்பூரில் மொபைல் கடை வைத்திருக்கும் நவீத், அவனோடு பள்ளியில் படித்தவன், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பரிசாகத் தருகிறேன் என்றான். வேலூரில் மியூசிக் கிளாஸ் நடத்தும் வக்கார் அகமது சார் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டார். கல்யாணக் கச்சேரிகளில் நாற்பது வருடம் கீபோர்டு வாசித்தவர். வாலாஜாபேட்டையிலிருந்து துபாய் வரை நாற்பத்தொரு பாட்டுகள் வந்து சேர்ந்தன.

இருபத்தேழாவது பாட்டு அமீர் பாஷாவுடையது. அடுத்த தெருக்காரர், அம்மா வேலை பார்க்கும் அதே தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். பச்சைத் தோலை மருந்துத் தண்ணீரோடு போட்டு உருட்டும், ஆள் உயரத்தைத் தாண்டிய மர உருளை அது. அவரிடம் பட்டன் போன்தான் உண்டு. அதனால் பாட்டு அம்மாவின் போனிலிருந்து வந்தது. வீடியோ இல்லை, வெறும் குரல். ஒரு பழைய சினிமாப் பாட்டு. ஒவ்வொரு வரியும் முடிந்த பிறகும் முடியாமல், கிணற்றில் விட்ட வாளி அடியைத் தேடுவது போல இறங்கிக்கொண்டே போனது. கேட்ட அன்று வசந்த் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வக்கார் சார் குரூப்பில் எழுதினார்: 'இருபத்தேழில் எக்கோ இருக்கிறது. விதிமீறல். டேனரியில் தோல் தூக்குகிறவர் எப்போது ஸ்டூடியோ வைத்தார்?' கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன.

வசந்த்துக்குப் பயம் வந்தது. தெரிந்தவர், அதுவும் அம்மாவின் போனிலிருந்து வந்த பாட்டு. ஆள் பார்த்துச் செய்கிறான் என்று யாராவது எழுதிவிட்டால்? யாரும் அப்படி எழுதவில்லை. எழுதுவதற்கு முன்னால் இவன் முந்திக்கொண்டான். எப்போதும்போல போனை வாய்க்கு நேராகப் பிடித்துச் சொல்லச் சொல்ல, அது எழுதியது: 'விதி மூன்று மீறப்பட்டதால் பதிவு இருபத்தேழு, அமீர் பாஷா, நீக்கப்படுகிறது. நேர்மையான போட்டியாளர்களுக்கு வாழ்த்துகள்.'

அந்த 'நேர்மையான' யாரும் கேட்டு வாங்கியது இல்லை. அவனாகச் சேர்த்தது.

இப்போது அது நினைவுக்கு வந்ததும் காது மடல் சுட்டது. சோப்புத் தண்ணீரில் கிடந்த சட்டையை எடுத்து, ஏதோ அதுதான் எழுதியது போல, தரையில் ஓங்கி அறைந்தான். பிறகு வக்கார் சாருக்குப் போன் போட்டான்.

"சார், அது எக்கோ இல்ல. டிரம்முக்குள்ள நின்னு பாடியிருக்காரு."

"டிரம்முக்குள்ள எதுக்குப்பா போனாரு?"

"ஆசைப்பட்டுப் போனாரு. அத வுடுங்க சார். பாட்ட திருப்பிச் சேத்துடலாம்."

"எதுக்குள்ள பாடினா இன்னா, சவுண்டு கூடுதில்ல? கூடினா எஃபெக்டுதான். விதி நான் எழுதல, நீ எழுதினது."

"அப்போ பாத்ரூம்ல பாடனவங்கள இன்னா பண்றது? பதினொரு பேர் சார், எண்ணி வெச்சிருக்கேன். பதிமூணாம் நம்பருக்குப் பின்னாடி பக்கெட்டே தெரியுது."

"அது வீடுப்பா. வீடு வேற."

"வீட்டு பாத்ரூம் செல்லும், டேனரி டிரம்மு செல்லாதா?"

வக்கார் சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு நல்லது சொல்கிற மாதிரி சொன்னார்: "வசந்த், நாப்பது வருசம் இதுல இருக்கேன். ஒரு பாடம் கிடையாது, பயிற்சி கிடையாது. அப்படிப்பட்ட ஆளு அந்த சுருதில நிக்க முடியாது. போன்ல ஏதோ மொபைல் ஆப்பு போட்டுத் திருத்தியிருக்காங்க. உங்கம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது."

"பட்டன் போன் வெச்சிருக்கறவரு ஆப்பு போட்டாரா சார்?"

"அப்ப வேற யாராவது போட்டிருப்பாங்க."

"அப்ப எக்கோ உங்களுக்குப் பிரச்சனை இல்ல. அந்த ஆளு பாடனதுதான் பிரச்சனை. அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"வார்த்தைய அளந்து பேசு" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

நவீத் இன்னும் மோசம். "தோஸ்த், அஞ்சு மணிக்கு ரிசல்ட்டு. ஸ்பீக்கர பேக் பண்ணி மேல ரிப்பன் கூட ஒட்டிட்டேன். இப்ப வந்து பேஜார் பண்ணாதே. வேணும்னா பாய இன்னொரு வாட்டி அந்த டிரம்முலயே பாடச் சொல்லு. நான் நேர்ல போய் வீடியோ எடுக்கறேன். பிரச்சனை தீந்துச்சு."

வசந்த்துக்கு அது சரியாகத்தான் பட்டது. நிரூபித்துவிட்டால் வக்கார் சார் வாயை மூடுவார். அம்மாவைக் கூப்பிட்டான். அவள் போனோடு அடுத்த தெருவுக்கு நடந்தாள். செருப்புச் சத்தத்தில்கூடக் கோபம் கேட்டது. பிறகு அமீர் பாஷாவின் குரல் வந்தது, பாட்டில் கேட்ட அதே அடிக்குரல்.

"சொல்லு வசந்தா."

"மாமா, மன்னிச்சுக்கங்க. எனக்குத் தெரியாது. டிரம்முல இன்னொரு வாட்டி பாடுங்க, நவீத் வந்து வீடியோ எடுப்பான், எல்லார் மூஞ்சிலயும்…"

"எந்த டிரம்மு?"

"அதான் மாமா, புதுசு."

"அது போன ஞாயித்துக்கெழம புதுசு. அப்பத்தான் ஆசாரிங்க பலகை பூட்டி முடிச்சானுங்க. ஒரு சொட்டு தண்ணி படாம, சும்மா மர வாசனையோட இருந்துச்சு. திங்கக்கெழம தண்ணி ரொப்பிட்டோம், பலகை ஊறணுமில்ல. நேத்து மொத லோடு ஏறிடுச்சு. இனிமே அதுக்குள்ள எந்த மனுசனும் நின்னு பாட முடியாது. பத்து வருசத்துக்கு ஒரு தபா புது டிரம்மு வரும். அன்னிக்கு ஒரு நாள்தான்."

"அப்ப வேற எங்கயாவது…" என்று வசந்த் இழுத்தான்.

"எதுக்கு?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் பாடனேன்னு காட்டறதுக்கு நான் பாடணுமா? எவன் சொன்னான் காட்டச் சொல்லி? பேட்டா, என்னத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ண உனக்குக் கை வரல. இப்ப காட்டச் சொல்லிக் கூப்படறதுக்கு நல்லா வருது. எங்க பாடனீங்க மாமான்னு கேட்டிருந்தா, சிரிச்சுக்கினே சொல்லியிருப்பேன். நேர்மையானவங்களுக்கு வாழ்த்துன்னு போட்டியாமே. போடு, நல்லா போடு. நான் பாடறதா இல்ல."

போன் அம்மாவின் கைக்குத் திரும்பியது. "கேட்டுக்கினியா?" என்று மட்டும் சொல்லி அவள் வைத்தாள்.

வசந்த் அறைக்குள் நாலு நடை நடந்தான். வக்கார் சாரைத் திட்டினான், நவீதைத் திட்டினான், அந்தச் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகத் திட்டினான். ஆனால் எந்தத் திட்டும் போய்ச் சேருகிற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாம் சுற்றி அவனிடமே வந்தது. வக்கார் சார் சொன்னார், சரி. சிரித்தார்கள், சரி. நீக்கியது யார்?

ஊரில் மணி நாலே முக்கால். போனை வாய்க்கு நேராகப் பிடித்தான். கோபத்தில் பேசினால் அது பாதியைத்தான் எழுதும். மூச்சை இழுத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

'இருபத்தேழாவது பாட்டில் எக்கோ வைக்கப்படவில்லை. அமீர் பாஷா மாமா அதை டேனரியில் புது டிரம்முக்குள் நின்று பாடினார். நான் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கினேன். டேனரிக்காரர் இப்படிப் பாட மாட்டார் என்று சாருக்குத் தோன்றியது. ஏன் என்று நான் கேட்கவில்லை. பயத்தில் செய்தேன். நேர்மை இல்லாதவன் நான். அவரை மறுபடி சேர்க்கிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்று முடிவு அறிவிப்பு கிடையாது. வசந்த்.'

பழைய அறிவிப்பை அழித்தான். புதியதை அனுப்பினான்.

வக்கார் அகமது சார் இரண்டே நிமிடத்தில் குரூப்பை விட்டு வெளியேறினார். நவீத் குரூப்பில் ஒன்றும் எழுதாமல் தனியாக அனுப்பினான்: 'பைத்தியமா உனக்கு. ரிப்பன வெச்சு நான் இன்னா பண்றது.' துபாய்க்காரர் ஒருவர், சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணிப் போட்டியைக் கெடுத்துவிட்டான் என்று நாலு பத்தி எழுதினார். வசந்த் அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, பதிமூன்றாம் நம்பரின் மெசேஜ் வந்து விழுந்தது. பள்ளிகொண்டாவிலிருந்து பாடிய ஹீனா, வக்கார் சாரின் மாணவி. அவளுக்குத்தான் பரிசு என்று எல்லோருக்கும் தெரியும்.

'நான் பாத்ரூம்ல நாலு வாட்டி பாடிப் பாத்து, எங்க நல்லா சுத்துதோ அங்க நின்னு பாடினேன். சாருக்கும் தெரியும். அவர்தான் எந்த மூலைன்னு சொன்னாரு. அந்த பாய எடுத்தா என்னையும் எடுங்க.'

சிரிக்கிற முகம் ஒன்றுகூட வரவில்லை.

அம்மா கூப்பிட்டாள். "பக்கத்து வூட்டு ஹபீபு மவன் படிச்சுக் காட்டனான். பாஷா அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"கேட்டுட்டு உள்ள போய்ட்டாரு."

"கோவம் போவலியா?"

"ஏன்டா போவணும்? நாளைக்கு எட்டு மணிக்கு ஷிஃப்டு. அவனுங்க திரும்பவும் ஸ்டூடியோ பாய்னுதான் கூப்புடுவானுங்க. மோசடின்னு எழுதனது டேனரி முழுக்கப் பரவுச்சு, இப்ப எழுதனத அவனுங்க எங்க பாக்கப் போறானுங்க?" அம்மா மூச்சு வாங்கினாள். "போனப் புடிச்சது ஜெயம்மாள்னு அதுல சேரு. எழுத்தப் பெருசு பண்ணி எனக்கு அனுப்பு. என் கண்ணாடி ஒடஞ்சு போச்சு. நாளைக்கு டிரம்மாண்ட நின்னு, ஒவ்வொருத்தன் மூஞ்சிக்கு நேராவும் நானே படிக்கறேன். எவன் சிரிக்கறான்னு பாக்கறேன்."

வசந்த் போனை மறுபடி வாய்க்கு நேராகப் பிடித்தான். "அமீர் பாஷா பாடும்போது போனைப் பிடித்திருந்தது என் அம்மா ஜெயம்மாள்" என்று சொன்னான். எழுத்து வந்ததும் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு பெரிசாகும் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தான்.