பொட்டலத்தின் வெள்ளை மூலை

வாருங்கள், வந்து பாருங்கள். கை கட்டி வேடிக்கை பார்க்க வேண்டாம். சாட்சி சொல்ல வாருங்கள். இங்கே ஒரு கொலை நடந்திருக்கிறது. கத்தி இல்லை, இரத்தம் இல்லை, இவன்தான் என்று கை நீட்டிக் காட்ட ஒருவனும் இல்லை. பெருவிரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு மட்டும் கிடக்கிறது. அதன் முதுகில் பசை, முகத்தில் விலை. செத்தது நாய்தானே என்று திரும்பி நடப்பவர்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த நாய் யாருக்குக் காதாக இருந்தது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் ஒரு தையல்காரி வாழ்கிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்த காய்ச்சல் போகும்போது அவருடைய செவிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பேச்சு மட்டும் குறையாமல் தங்கிற்று. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பாதி ஊர்க்கதையை அறிந்துகொள்ளும் கூர்மையும் சேர்ந்தது. ஆனால் கதவைத் தட்டினால் அவருக்குத் தெரியாது. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் படியேறி, தட்டித் தட்டிக் கை வலித்து, துணிப் பையோடு வேறு கடைக்குப் போனார்கள்.

ஒரு மழைநாளில் மாடிப்படியில் ஒதுங்கிய பழுப்பு நாய்தான் அந்த நிலையை மாற்றியது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். வைத்த உணவை இன்னொரு முறை உபசரித்தால்தான் வாய் வைப்பான். ஆகவே தையல்காரி அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயரிட்டார். யாரும் பழக்காமலே அவன் ஒரு வேலையைத் தானாக ஏற்றுக்கொண்டான். கதவு தட்டப்பட்டால் ஓடிவந்து தையல் இயந்திரத்தடியில் புகுந்து, அவருடைய முழங்காலில் ஈர மூக்கை வைப்பான். மூக்கு பட்டால் வாசலில் ஆள் நிற்கிறது என்று பொருள். ஐந்து ஆண்டுகளில் அது ஒருமுறையும் தவறியதில்லை. போன வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "என் காது கீழ நடமாடுது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார் தையல்காரி.

அவனிடம் ஒரே ஒரு குறை: எதையாவது கடித்துக்கொண்டே இருப்பான். நூல்கண்டுக் கட்டைகள் போயின. இயந்திரத்தின் மிதிபலகையில் ஒரு மூலை போயிற்று. கடைசியில் தைத்து முடித்து மடித்து வைத்திருந்த ஒரு சட்டையின் கை போயிற்று. அன்று மாலையே தையல்காரி கணவரிடம், கடிக்க ஏதாவது வாங்கி வரச் சொன்னார்.

"ஏதோ ஒண்ண அள்ளிட்டு வந்துடாதீங்க. எழுதியிருக்கிறத ஒரு எழுத்து விடாம படிச்சுப் பாத்து வாங்குங்க. இவன் மெல்லுற ஆளு இல்ல, முழுங்குற ஆளு."

கணவருக்கு அது எளிய காரியம். நான்கு தளம் கொண்ட பெரிய கடை ஒன்றில் பொருள்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுவதே அவர் வேலை. கடை முழுவதற்கும் அவர் ஸ்டிக்கர் அண்ணன். கைத்துப்பாக்கி போன்ற ஒட்டுக்கருவி வலது கையில் இருந்தால், நாளொன்றுக்கு இரண்டாயிரம் சீட்டு ஒட்டுவார், ஒன்றுகூடக் கோணாது. ஆனால் அந்தக் கைக்கும் ஒரு கட்டளை இருந்தது. முன்னொரு நாள், நாய்த்தீனிப் பொட்டலம் ஒன்றில் அச்சிட்டிருந்த குட்டியின் கண்மேல் சீட்டு விழுந்துவிட்டது. தளப் பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"படத்தைப் பாத்துத்தான் வாங்குறான். நீங்க நாயோட கண்ணையே அவிச்சு வச்சிருக்கீங்க. கீழ வெள்ளையா ஒரு மூலை சும்மாதானே கிடக்குது, அங்க ஒட்டுங்க."

அன்றிலிருந்து எல்லாச் சீட்டும் அந்த வெள்ளை மூலைக்கே போயின. மூலை சும்மா கிடக்கவில்லை. எறும்பு ஊர்ந்தாற்போல் அங்கே சில வரிகள் இருந்தன. முதல் சில நாள்கள் அவர் கண்ணில் அவை பட்டிருக்கும். இரண்டாயிரம் பொட்டலத்துக்குப் பிறகு எந்தக் கண்தான் எழுத்தைப் பார்க்கும்?

மறுநாள் உணவு இடைவேளையில் அவர் தம் கையால் அடுக்கிய அலமாரி முன்பே வாடிக்கையாளராக நின்றார். ரப்பர் வளையத்தை அழுத்திப் பார்த்தார். நாற்றம் பிடிக்காமல் வைத்துவிட்டார். கல் போலிருந்த கொம்புத் துண்டு ஒன்றை எடுத்து, பல் போய்விடும் என்று பயந்தார். முறுக்குக் கயிற்றைப் பார்த்ததும் நூல்கண்டுகள் நினைவுக்கு வந்தன. பணம் வாங்கும் மேசையில் இருந்த பெண், மாப்பிள்ளைக்குச் சீர் எடுக்க மாமனார் இவ்வளவு நேரமா நிற்பது என்று கேட்டாள். பெண் பார்க்கப் போன அன்றுகூட அண்ணன் இத்தனை யோசித்திருக்க மாட்டார் என்று அருகிலிருந்தவள் எடுத்துக்கொடுத்தாள். அவர் வெட்கத்தோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளைத் தோலை முறுக்கி, இரு முனையிலும் முடிச்சிட்ட எலும்பு வடிவம். மேலே சிரிக்கும் நாய், மாப்பிள்ளையின் அதே பழுப்பு. அதன் கீழே கொட்டை எழுத்தில், 'பாதுகாப்பானது'. திருப்பிப் பார்த்தார், இருந்ததையெல்லாம் படித்தார். ஒரு மூலையை மட்டும் படிக்கவில்லை. அங்கே அவர் காலையில் ஒட்டிய சீட்டு இருந்தது.

மூன்று நாள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். கட்டைகள் தப்பின, துணிகள் தப்பின. நல்லதாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறீர்கள் என்று மனைவி பாராட்டியபோது அவர் கழுத்து நிமிர்ந்தது. முடிச்சு ஊறி, கரைந்து, நாளுக்கு நாள் சிறுத்தது. நான்காம் நாள் பிற்பகலில் அது ஒரு வாய்க்கு அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது.

தையல்காரி இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். நாய் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முழங்காலில் மூக்கு பட்டது. அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. திரும்பி வந்து அமர்ந்தார். மறுபடியும் மூக்கு பட்டது, இம்முறை இடித்தது போல. மறுபடியும் போய்த் திறந்தார்; படிக்கட்டு வெறிச்சென்று கிடந்தது. "யாருமில்லையேடா, எதுக்குப் பொய் சொல்லுற?" என்று அதட்டிவிட்டு விட்ட தையலைத் தொடர்ந்தார். ஒரு கழுத்துப்பட்டை முடிந்தது. மூன்றாம் முறை மூக்கு வரவில்லை. நூல் எடுக்கத் திரும்பியவர், மாப்பிள்ளை தரையில் கால் நீட்டிக் கிடப்பதைக் கண்டார்.

செய்தி கிடைத்துக் கணவர் விலங்கு மருத்துவமனைக்குள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தொண்டையிலிருந்து எடுத்த வெள்ளைத் துண்டு ஒரு தட்டில் இருந்தது. பொட்டலத்தின் உறையை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரி உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர் அம்மாள் களைத்துப்போன குரலில் பேசினார். அந்த மாதத்தில் இது மூன்றாவது என்றார். தோலில் செய்தது ஈரம் பட்டால் வழுக்கும், உப்பும். வாய்க்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்ததும் பிடுங்கி எறிய வேண்டும் என்றார். நகம் பதியாத அளவுக்குக் கடினமானது பல்லை உடைக்கும், வேகவைத்த எலும்பு சிலாம்பாய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்றார். எல்லாம் சரியான அறிவுரை. நான்கு நாள் தாமதமாக வந்த அறிவுரை.

"ரெண்டு தடவ கூப்பிட்டான் டாக்டர்," என்றார் தையல்காரி. "கதவுலதான் ஆள் நிக்குதுன்னு நெனச்சுட்டேன்."

மருத்துவர் அவருடைய தோளைத் தொட்டார். பிறகு, உதடு அவர் கண்ணுக்குத் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கணவரிடம் மெல்லச் சொன்னார்: "சத்தம் நல்லாவே வந்திருக்கும். காது கேக்குறவங்க யாராவது வீட்ல இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். அவங்ககிட்ட சொல்லாதீங்க."

அடுத்து உறையை வாங்கி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, விலைச்சீட்டின்மேல் தேய்த்து உரித்தார். எறும்பு எழுத்துகள் வெளியே வந்தன. 'பெரிய நாய்களுக்கு உகந்ததன்று. நாயைத் தனியே விட வேண்டாம். வாயைவிடச் சிறிதாகும் முன் அகற்றிவிடவும்.' தையல்காரி ஒரு எழுத்து விடாமல் படித்தார். உரிந்த சீட்டை விரல் நுனியில் ஏந்தினார்.

"இது நீங்க ஒட்டினதா?"

"ஆமா."

அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். மடிப்புக் கோடும் தையல் கோடும் அறிந்த கண்கள் அவை. "கொஞ்சங்கூடக் கோணாம ஒட்டியிருக்கீங்க," என்றார்.

மறுநாள் ஸ்டிக்கர் அண்ணன் அந்த அலமாரியிலிருந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்தார். வெள்ளை மூலையில் இருந்த சீட்டை உரித்து, சிரிக்கும் நாயின் வாய்மேல் புதிதாக ஒன்றை ஒட்டினார். பொறுப்பாளர் வந்தார், காரணத்தைக் கேட்டார், மனமார வருந்தவும் செய்தார். நாயின் ஆயுள் அவ்வளவுதான், நம் கையில் என்ன இருக்கிறது என்றார். இரண்டு நாள் விடுப்பும் கொடுத்தார். விடுப்பு முடிந்து வந்தபோது அண்ணனுக்குக் கிடங்கில் வேலை போட்டிருந்தார்கள். ஒட்டுக்கருவி வேறொருவர் கைக்குப் போயிருந்தது. சீட்டுகள் வெள்ளை மூலைக்குத் திரும்பியிருந்தன.

வீட்டில் தையல் இயந்திரம் இப்போது வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. தையல்காரி சண்டையிடவில்லை. சமைக்கிறார், தைக்கிறார், சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். ஆனால் கணவர் வாய் திறந்ததும் கண்ணைத் துணியின்மேல் தாழ்த்திக்கொள்கிறார். உதட்டைப் பார்த்தால்தானே அவருக்குக் கேட்கும். ஒவ்வொரு மாலையும் அந்த மனிதர் தம் மன்னிப்பை மனைவியின் குனிந்த தலைக்குச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்.

கண்டீர்கள் அல்லவா? இனி உங்கள் முறை. உங்கள் வீட்டு அலமாரியில் இந்த நேரத்தில் ஒரு பொட்டலம் இருக்கிறது. நாய்க்கு வாங்கியதோ, குழந்தைக்கு வாங்கியதோ. எழுங்கள். விலைச்சீட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து உரியுங்கள். அடியில் இருப்பதைப் படியுங்கள். நாளைக் காலை அதே கடைக்குப் போய், எச்சரிக்கையின்மேல் சீட்டு ஒட்டிய பொட்டலம் எதையும் வாங்க மாட்டோம் என்று மேசையருகே நின்று உரக்கச் சொல்லுங்கள். சீட்டைப் படத்தின்மேல் ஒட்டும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.