முழுமனதோடு தந்த முட்டை

1

இந்தக் கதை ஒரு முட்டையிலிருந்து வந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வரும், மலைப் பயணத்தில் வரும். எனக்குப் பள்ளிக்கூடத்து மதியச் சோற்றோடு வந்தது. வேகவைத்தது, தோல் உரித்தது.

நான் தொழிலால் ஆதாரம் எழுதுகிறவன். தமிழ்நாட்டில் பத்திரம் என்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் உதியன்குளங்கரையில் அது ஆதாரம். நிலம் கைமாறும்போது யார், யாருக்கு, எந்த எல்லைக்குள், என்ன மனநிலையில் கொடுத்தார் என்று எழுதிக் கொடுப்பேன். மனநிலை எப்போதும் ஒன்றுதான்: முழுமனதோடு. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"எல்லைக் கிராமமொன்றின் மெல்லிய மழைக்காலையில், இரு மொழிகளின் நடுவே பிறந்த ஒரு சின்னஞ்சிறு ஆன்மா, அறிவின் வாசலை நோக்கித் தன் முதல்"

அங்கேயே நின்றுவிட்டது. சின்னஞ்சிறு ஆன்மா அப்போது ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு, "அப்பா, பனச்சமூட்டு பஸ்ஸு போவுது" என்றது.

இரண்டாவது தொடக்கம்: "ஒன்றாம் வகுப்பில் குழந்தைகள் உண்மையில் கற்பது என்ன என்னும் வினா, கல்வியாளர்களை நெடுங்காலமாக"

கல்வியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆறாம் பகுதி வரையிலான கைப்பிரதியை என் மகள் ஆர்யாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்பை முடித்தவள். ஓரத்தில் பென்சிலால் சில இடங்களில் எழுதிவிட்டாள். அதை எடுக்காமல் விட்டிருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

(பென்சில்: நான் ஜன்னல்ல தொங்கல்ல. ஏறி நின்னேன்.)

2

ஆர்யா படிக்கும் தமிழ் வழிப் பள்ளியில், ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டு டயரி என்று ஒன்று உண்டு. அன்றைக்கு நடந்ததைப் பிள்ளை எழுத வேண்டும், படமும் வரைய வேண்டும். தெரிந்த எழுத்தைப் பிள்ளை பென்சிலால் எழுதும்; தெரியாததை வீட்டிலுள்ளவர் பேனாவால் எழுதி நிரப்புவார். வருடம் போகப்போகப் பென்சில் கூடும், பேனா குறையும். நல்ல ஏற்பாடு. இதை யோசித்தவருக்கு ஆதாரம் எழுதுகிறவன் பேனாவைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒரு பக்கம். ஆர்யாவின் பென்சில்: "மழை." என் பேனா: "தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரக் கரங்கள் எங்கள் கூரையைத் தழுவின." ஆகஸ்டில் பென்சில்: "பூனை வந்தது." பேனா: "அனுமதியின்றி, கிழக்கெல்லை வழியாக."

என் மனைவி லேகா நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வந்ததும் டயரியைப் புரட்டிப் பார்ப்பாள்.

"இது பிள்ளைக்க டயரியா, இல்ல உங்களுக்க மூணாவது புஸ்தகமா?"

எனக்கு இரண்டு புத்தகம் வந்திருக்கிறது. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. அவள் சொன்னதில் ஏதோ இருந்தது.

3

வாரத்தில் ஒருநாள் பள்ளியில் முட்டை. ஆர்யாவும் ஜெம்மாவும் ஒரே பெஞ்சு. ஜெம்மாவின் அப்பா கிரகோரி பூவாரில் கடலுக்குப் போகிறவர். அம்மா மினிக்கு எங்கள் கவலையில் தையல் வேலை என்பதால்

இல்லை, "ஊரில்" என்று எழுத வேண்டிய இடத்தில் "கவலையில்" என்று ஏன் எழுதினேன்? கவலை பின்னால் வருகிறது, பேனா முந்திக்கொண்டது. நேராகச் சொல்கிறேன்: மினி எங்கள் ஊரில் தைக்கிறாள், பள்ளிக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறாள்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம். டயரியில் ஆர்யா பென்சிலால், யாருடைய உதவியும் இல்லாமல், நான்கு சொல் எழுதியிருந்தாள்.

"நான் ஜெம்மா முட்டை தின்னேன்."

"அவ தந்தாளா மக்கா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

"அவ கை கழுவப் போயிருந்தா. முட்டை இருந்துச்சு."

"உனக்க முட்டை?"

"அது முதல்லயே தின்னாச்சு."

அப்போது நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு டீச்சர் இதைப் படிப்பார். ஆதாரமெழுத்து தீபுவின் மகள் முட்டை திருடினாள் என்று உதியன்குளங்கரை முழுக்க ஆகும். பேனா கையிலேயே இருந்தது. நடுவில் இடமும் இருந்தது.

"நான் ஜெம்மா *முழுமனதோடு தந்த* முட்டை தின்னேன்."

இரண்டே சொல். ஒரு திருட்டு இஷ்டதானம் ஆகிவிட்டது. பதினாறு வருடத் தொழிலில் இவ்வளவு சுருக்கமாக ஓர் ஆதாரம் நான் எழுதியதில்லை.

4

சத்தியபாய் டீச்சர் அந்தப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, "பகிர்ந்து உண்ணும் நல்ல பழக்கம்" என்று எழுதினார்.

இந்த இடத்தில் டீச்சரை ஒரு முட்டாளாக்கிவிடலாம் என்றிருந்தேன். என் நையாண்டிக்கு அது வசதி. ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். பிறகு கிழித்தேன். அவர் செய்ததெல்லாம் நான் எழுதியதை நம்பியதுதான். எழுதினதை நம்புகிறவரை முட்டாள் என்றால் என் ஆபீசை நாளைக்கே பூட்ட வேண்டும்.

ஜெம்மா பெஞ்சு மாறிவிட்டாள். மெல்பின் என்கிற பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆர்யா அதையும் டயரியில் எழுதினாள்: "ஜெம்மா அங்க." மூன்று மாதத்தில் ஏழு தடவை. கீழே நான் நிலா, மேகம் என்று ஏதாவது எழுதி வைத்தேன்.

மார்ச்சில் படிப்பு விழா அறிவித்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர் முன்னால் டயரி வாசிக்க வேண்டும். ஆர்யாவுக்கு விழுந்தது முட்டைப் பக்கம். தந்தையாகிய எனக்கும் பேச ஒரு தலைப்பு: "பென்சிலுக்கு வழிகாட்டும் பேனா." தலைப்பு நான் கொடுத்ததுதான்.

5

விழாவுக்கு முந்தைய சாயங்காலம் ஆர்யா சொன்னாள்:

"நான் வாசிக்கல்ல."

"எதுக்கு மக்கா?"

"ஜெம்மா தந்தாண்ணு அதுல உண்டு. அவ தரல்ல. அவ முன்னால இருப்பா."

"அது சும்மா ஒரு அழகுக்கு ஆக்கும்."

"அழகுக்குண்ணு அவளுக்குத் தெரியுமா?"

லேகா அடுக்களையிலிருந்து, "பதில் சொல்லுங்க. பிள்ளை கேக்குதுல்லா?" என்றாள்.

"நீ சும்மா இரு. நாளைக்கு வார்டு மெம்பர் வாறாரு."

"மெம்பர் என்ன, முட்டை திங்கதுக்கா வாறாரு?"

ஆர்யா ரப்பரை எடுத்து வந்தாள். "அழிச்சுத் தா."

"பேனா எழுத்து அழியாது மக்கா. அதுக்குத்தான் பெரியவங்க பேனாவுல எழுதது."

"அப்போ பெரியவங்க தப்பா எழுதினா?"

எங்கள் தொழிலில் அதற்கு வழி உண்டு. ஆதாரத்தின் கடைசியில், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்ன கூட்டியது, என்ன வெட்டியது என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கையொப்பம் போட வேண்டும். தினமும் செய்கிற வேலை. அவளிடம் சொல்லவில்லை. "பெரியவங்க தப்பா எழுத மாட்டாங்க" என்றேன்.

(பென்சில்: அப்பா இதைச் சொல்லிட்டு டிவி போட்டாங்க.)

6

பள்ளி முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பேனரில் பொன்னப்பன் மெம்பரின் படம் பெரிதாக இருந்தது. பிள்ளைகள் அவருடைய தோளுக்குப் பின்னால் சின்னதாக, பறவைகள்போல. டயரிகளைக் கயிற்றில் துணி கிளிப்பால் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஜெம்மாவின் டயரியைத் தேடிப் பிடித்தேன். அதே தேதி. ஒரு தட்டு, சோறு, பக்கத்தில் ஒரு வெற்று வட்டம். பென்சில்: "இன்று முட்டை." கீழே பேனா: "வேறு ஒன்றும் சொல்லவில்லை."

பின்னால் மினி நின்றிருந்தாள். "உங்க மோளுக்க டயரி வாசிச்சேன் அண்ணே. என்ன அழகு! எனக்கு இப்பிடியெல்லாம் எழுத வராது. பிள்ளை சொன்னதைத்தான் எழுதுவேன்."

"இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அன்னைக்கு என்னமோ வந்ததும் சோறு கேட்டா. டீச்சர் சொன்னப்பம்தான் தெரியும், முட்டையைக் குடுத்துட்டாளாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமே!"

மெம்பர் பேசினார். "நம்ம வார்டுல ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை தனியாட்டு எழுதுதுண்ணா, அது சும்மா வந்ததல்ல. ரோடு வந்துது, லைட் வந்துது, இப்போ எழுத்து வந்துது!" பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பேச்சு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது கடினமான பாடம். ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டது.

அடுத்து ஆர்யா. இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

முடிவு அ: ஆர்யா முழுவதையும் வாசிக்கிறாள். கைதட்டல். ஜெம்மாவின் கண்ணில் ஒரு துளி திரண்டு

(பென்சில்: ஜெம்மா அழல்ல. அவ அழவே மாட்டா.)

முடிவு ஆ: ஆர்யா டயரியை மூடிவிட்டு, பையிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். இரண்டு குழந்தைகளும் அதைப் பாதியாகப் பிளக்கிறார்கள். வெள்ளையும் மஞ்சளும், இரண்டு மாநிலங்களைப் போல, ஒரே ஓட்டுக்குள்

(பென்சில்: முட்டையைப் பையில வெச்சா நாறும்.)

முடிவு இ, நடந்தது: மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். "நான்" என்றாள். "ஜெம்மா" என்றாள். நின்றாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், "முழுமனதோடு" என்று வாயசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டயரியைப் பார்த்து, என் பேனாவைத் தாண்டினாள்.

"முட்டை தின்னேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து ஜெம்மாவின் குரல் வந்தது:

"ரெண்டும் தின்னா."

கூட்டம் சிரித்தது. மெம்பர் கைதட்டினார், பிள்ளைகளும் தட்டினார்கள். மினி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். ஆர்யா இறங்கிப் போய்த் தன் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

அடுத்து நான் பேசினேன். தாய்மொழி பற்றி, எல்லை பற்றி, நெய்யாறு பூவாரில் கடலைச் சேரும் இடத்தில் எது ஆறு எது கடல் என்று பிரிக்க முடியாதது பற்றி, பதினோரு நிமிடம். அந்த இரண்டு சொல் என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை மட்டும் சொல்லவில்லை.

(பென்சில்: நெறய நேரம் பேசினாங்க. மெல்பினுக்கு மூத்திரம் முட்டுச்சு.)

மறுவாரம் கோடை விடுமுறைக்குப் பள்ளி அடைத்தார்கள். மினி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதத்துக்குப் பூவாருக்குப் போய்விட்டாள்.

7

இந்தப் பகுதியை ஆர்யா இன்னும் பார்க்கவில்லை. அதனால் ஓரம் வெறுமையாக இருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் அந்த டயரியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அலங்காரம் இல்லை:

"இந்த டயரியில் முட்டைப் பக்கத்தில் 'முழுமனதோடு தந்த' என்ற இரண்டு சொற்கள் கூட்டியது. கூட்டியது அப்பா தீபு. ஜெம்மா தரவில்லை. ஆர்யா கேட்கவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்தும் எழுதியது."

கையொப்பம் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்தேன். ஆர்யா எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தாள்.

"இந்தக் கோடு எதுக்கு?"

"சாட்சி ஒப்பு போடதுக்கு. ஆதாரம்ணா ரெண்டு சாட்சி வேணும்."

பென்சிலை எடுத்து முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். பழக்கதோஷத்தில், "பென்சில்ல போட்டா செல்லாது மக்கா" என்றேன்.

"செல்லும்" என்றாள். இரண்டாவது கோட்டை விரலால் மறைத்துக்கொண்டாள். "இது ஜெம்மாக்கு."

"அவ போடல்லண்ணா?"

டயரியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தபடி சொன்னாள்: "முதல்ல கேக்கணும்."

இன்று பள்ளி திறந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பு. ஒலிபெருக்கி இங்கே வரை கேட்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மெம்பர் ரோட்டையும் லைட்டையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பள்ளி விட இன்னும் ஒரு மணி நேரம் உண்டு. அதற்குள் ஒரு நல்ல முடிவை என்னால் எழுதிவிட முடியும், கை துறுதுறுக்கிறது. பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

கோட்டை மட்டும் இங்கேயும் இழுத்து வைக்கிறேன். அது நிரம்புமா என்று நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், தயவுசெய்து பென்சிலால்.

சாட்சி 1: ஆர்யா

சாட்சி 2: ..............................