எழுபத்தெட்டுப் பல்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவையாக வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஓய்வு நேரத்தில் யார் என்ன செய்வார்கள் என்பதில் வந்து நின்றது. "நான் கடிகாரம் செய்வேன்" என்று பெண்ணின் அப்பாவான இவர் சொல்லிவிட்டார்.

முழுப் பொய்யல்ல அது. பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கடைசல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு மூன்று வருஷமாக ஒரே கடிகாரத்தைச் செய்துகொண்டிருந்தார். ஐந்து பித்தளைச் சக்கரங்கள் முடிந்திருந்தன. இன்னும் எதுவும் 'டிக்' என்றதில்லை, அவ்வளவுதான். பிழைப்புக்கு அவர் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் அளவை வைத்துப் பல் வார்த்துக் கொடுப்பார். தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்றே பெயர். "வாரம் பூரா மனுஷனுக்குப் பல்லு, லீவு நாள்ல சக்கரத்துக்குப் பல்லு. உங்க தலையெழுத்துல பல்லைத் தவிர வேற ஒண்ணையும் எழுதலைபோல" என்பாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்சாக இருப்பவள். வாய்க்குப் பஞ்சமில்லை.

சம்பந்தி அதற்கு நேர்மாறு. எண்ணி எண்ணிப் பேசுவார். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம். அடுத்த வாரமே அவர், துண்டில் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நாலு மாசமா நிக்குது, சம்பந்தி. முதல் சம்பளத்துல வாங்கினது. கண்டவங்க கையில குடுக்க மனசில்ல. நீங்கன்னா நம்ம ஆளு."

மறுக்க அதுதான் சமயம். பல்லுக்காரர் மறுக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திறந்து பார்த்ததில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. கழற்றித் துடைத்துப் பூட்டினால் போதும். ஆனால் கழற்றும் முன் சுருள்வில்லின் முறுக்கை மெதுவாகத் தளர்த்திவிட வேண்டும். அது அவருக்குத் தெரியும், புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்த விஷயம்தான். நின்றுபோன கடிகாரத்தில் முறுக்கு எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார். முறுக்கு முழுசாக இருந்தது, பிசின்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. நாலாவது திருகைக் கழற்றி மேல்தகட்டை லேசாக நெம்பினார். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இரண்டாவது சக்கரத்தில் ஒரு பக்கம் பொக்கை விழுந்து, பித்தளைத் துணுக்குகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன.

கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

மனைவி உள்ளே வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எதை உடைச்சீங்க?"

"மெதுவாப் பேசும்மா. பொண்ணு காதுல விழுந்துடப் போவுது."

"அவர்கிட்ட போன் பண்ணிச் சொல்லிடுங்க. உடைஞ்சா உடைஞ்சதுதான்."

"தராசுல ஒரு குண்டுமணி குறைஞ்சாலே கேஸ் போட்டவரும்மா அவரு. பல்லு போச்சுன்னு எப்படிச் சொல்றது? புதுசா ஒண்ணு வெட்டிப் போட்டுட்டு அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வரவே இல்லை.

முதலில் எத்தனை பல் என்று தெரிய வேண்டும். மகளின் நகப்பூச்சை எடுத்து ஒரு பல்லில் புள்ளி வைத்துவிட்டு எண்ணினார். மிச்சம் எழுபத்தொன்று. உடைந்த இடத்தில் அடிக்கட்டைகள் ஏழு. மறுபடி எண்ணியபோது ஆறு போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினார், ஏழு. ஆக எழுபத்தெட்டு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கடிகாரம் ஆயுசுக்கும் சரியான நேரம் காட்டாது. அந்த எண் அவருக்குக் கனவிலும் வந்தது.

பல்லின் வடிவத்தைப் பிடிப்பதுதான் அவருக்குக் கைவந்த கலை. வேலையிடத்திலிருந்து அளவெடுக்கும் மெழுகைக் கொண்டுவந்து, நல்ல பற்கள் இருந்த பக்கத்தில் அழுத்தி அச்செடுத்தார். அந்த அச்சைப் பார்த்து ஒரு எஃகுத் துண்டை அரம் போட்டு ராவி, வெட்டுளி செய்துகொண்டார். வட்டத்தைச் சமமாகப் பங்கு போடுவதில்தான் வந்தது சிக்கல். எழுபத்தெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை நறுக்கி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கிழித்து, அதை ஒரு மர வட்டத்தின் விளிம்பில் சுற்றி ஒட்டினார். வட்டத்தை ஒவ்வொரு கோடாக நகர்த்தி நிறுத்தி, அந்த வட்டத்தோடு ஒரே தண்டில் மாட்டிய பித்தளை வில்லையை ஒவ்வொரு வெட்டாக வெட்டிக்கொண்டே போவது. இதுதான் திட்டம்.

இரண்டு நாள் வெட்டினார். முதலில் வெட்டிய சக்கரத்தில் எழுபத்தேழு பல்லும் முத்துப் போல வந்தன. கடைசிப் பல் மட்டும் பக்கத்துப் பற்களை இடித்துக்கொண்டு குண்டாக நின்றது. காகிதத்தின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு நூல் இடைவெளி இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். மர வட்டம் அந்த அளவுக்குப் பெரிதாகப் போயிருந்தது.

அன்று காலைதான் சம்பந்தி போன் செய்தார்.

"எப்படி இருக்கு, சம்பந்தி?"

"நல்லா இருக்குங்க. எண்ணெய் போட்டு ஊற வச்சிருக்கேன்."

"பெரிசா ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லங்க."

அந்த வாரம் அவர் வார்த்த ஒரு கடைவாய்ப் பல் உயரம் கூடிவிட்டது என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். பதினைந்து வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. வீட்டில் மகள் எதிரே உட்கார்ந்தால் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார். அவள் கல்யாணப் புடவையைப் பற்றிக் கேட்டாலும் "ம்", மண்டபத்தைப் பற்றிக் கேட்டாலும் "ம்". மாப்பிள்ளையின் பேச்சை எடுத்தால் உடனே கை கழுவ எழுந்துவிடுவார். 'பொய் சொல்ற குடும்பம்' என்று சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் கதி என்ன என்று யோசித்து யோசித்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

மர வட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தார். இந்தத் தடவை காகிதத்தின் இரண்டு முனையும் முத்தமிட்டுக்கொண்ட மாதிரி சேர்ந்தன. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு சக்கரத்தை வெட்ட உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டாவது பல்லில் இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கூடத்திலிருந்து மனைவியின் குரல், தேவைக்கு மேல் உரக்க, கேட்டது.

"வாங்க, வாங்க! ஒரு போன்கூடப் பண்ணாம வந்திருக்கீங்களே! என்னங்க, சம்பந்தி வந்திருக்காங்க!"

பல்லுக்காரர் சட்டென்று எழுந்தார். மேசைமேல் கடிகாரத்தின் குடல் முழுக்கப் பரப்பிக் கிடந்தது. துண்டை எடுத்து மூடலாமா என்று பார்த்தார். மூடுவதற்குள் சம்பந்தி கதவருகே நின்றிருந்தார்.

அவர் மேசையைப் பார்த்தார். பொக்கைச் சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நான்தாங்க உடைச்சேன்" என்றார் பல்லுக்காரர். "முறுக்கைத் தளர்த்தாம திறந்துட்டேன். நீங்க போன் பண்ணினப்பவே உடைஞ்சுதான் கிடந்துச்சு. எண்ணெயில ஊறுதுன்னு சொன்னது பொய்."

சம்பந்தி சக்கரத்தை மேசைமேல் வைத்தார். மனைவி டீத் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"சர்வீஸ்ல இருந்தப்ப," என்று சம்பந்தி மெதுவாக ஆரம்பித்தார், "தேய்ஞ்ச படிக்கல்லுக்காக நான் யாரையும் திட்டினதில்ல. கல்லுன்னா தேயத்தான் செய்யும். தேய்ஞ்சது தெரிஞ்சு அதைக் கல்லாப்பெட்டிக்கு அடியில ஒளிச்சு வைப்பாங்க பாருங்க, அவங்ககிட்டதான் எனக்குக் கோபம் வரும்." நிறுத்தினார். "இப்பவும் வருது."

"வரவேண்டியதுதாங்க."

"இது எத்தனாவது?"

"ஐம்பத்திரண்டு. இன்னும் இருபத்தாறு இருக்கு."

சம்பந்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துணி ஊறவைக்கும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "வெட்டுங்க. கோட்டை நான் பாத்துச் சொல்றேன். நீங்க கத்தியை மட்டும் பாருங்க."

அந்த இருபத்தாறு வெட்டையும் பல்லுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டினார். ஒவ்வொரு தடவையும் சம்பந்தி காகிதத்துக்கு மூக்கு படுமளவு குனிந்து, "இன்னும்... இன்னும் ஒரு மயிரிழை... நில்லுங்க" என்பார். இரண்டு தடவை கோடு பிசகியதை அவர்தான் பிடித்தார். அறுபத்தொன்பதில் பல்லுக்காரர் நிறுத்திக் கையை உதறிக்கொண்டார். சம்பந்தி டீயைக் குடித்தபடி காத்திருந்தார். பல்லுக்காரர் மறுபடி வெட்டத் தயாரான பிறகே அடுத்த கோட்டைச் சொன்னார். எழுபத்தெட்டாவது வெட்டு விழுந்ததும், கடைசிப் பல்லையும் முதல் பல்லையும் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தார் சம்பந்தி. இன்னொரு தடவையும் அளந்தார். "சரியா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

கோர்த்துப் பூட்டியதும் கடிகாரம் ஓடியது. இருபது நிமிஷம் ஓடிவிட்டு நின்றது. சக்கரம் சற்று இறுக்கமாகக் கடிக்கிறது, பல்நுனியைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும், இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னார் பல்லுக்காரர். சம்பந்தி தலையாட்டினார். சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை வர்றேன். இந்தத் தடவை போன் பண்ணிட்டு வர்றேன்" என்றார். கோபம் முழுசாகத் தீர்ந்ததா என்று பல்லுக்காரருக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பல மாதம் தெரியவில்லை. கடிகாரம் மட்டும் பத்தாவது நாள் ஓட ஆரம்பித்து, பிறகு நிற்கவில்லை.

சம்பந்தி வந்துபோன அன்று சாயங்காலமே, மகள் வேலை முடிந்து வந்ததும் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"இதுக்கா ரெண்டு வாரமா என் மூஞ்சியப் பாக்காம சாப்பிட்டீங்க? உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லையோன்னு நான் அழுதுக்கிட்டு இருந்தேம்ப்பா."

அவர் அவள் கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். விரலெல்லாம் பித்தளைத் தூள். அவளே தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.