ஏழாவது கல்

குறுக்குத்துறைப் படித்துறையில் எது தொலைந்தாலும் இசக்கிச்செல்வியின் கைக்குத்தான் வந்து சேரும். அங்கே மஞ்சள், சூடம், ஷாம்பூ பாக்கெட் விற்கிறவள் அவள். காலையில் கடை விரிக்குமுன் டீ வடிகட்டியோடு மணலில் இறங்கிவிடுவாள். கம்மல் திருகாணியோ, கொலுசு மணியோ, கிடைத்ததைப் போனில் படம் எடுத்துப் படித்துறை வாட்ஸப் குழுவில் போடுவாள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். வருகிறவர் கலெக்டராகவே இருக்கட்டும், அடையாளம் சொன்னால்தான் பொருள்.

பத்து வருடமாக ஒரு குறை வந்ததில்லை. வந்தது இந்த ஆடி அமாவாசைக்கு மறுநாள். சங்கரி டீச்சரின் பேசரி, மூக்கில் போடுகிற அந்தச் சின்ன வைர நகை, மூன்றாம் படிக்குக் கீழே மணலில் கிடைத்தது. அவள் போனுக்குக் கிட்டத்தில் போனால் கண் தெரியாது. படத்தில் பேசரி நசுங்கிய சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக விழுந்தது. ஆனாலும் டீச்சர் ஓடி வந்தார்.

"ஏழு கல்லு. ஒண்ணுகூட கொறையாது," என்று அடையாளம் சொன்னார்.

இசக்கிச்செல்வி பொட்டலத்தைப் பிரித்தாள். ஆறு கல்தான் இருந்தது. ஏழாவது குழி கறுப்பாக, வெறுமையாகத் தெரிந்தது.

"கெடைக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு டீச்சர்."

"வேணும்னே மூட்டமா படம் எடுத்துப் போட்டிருக்க. கல்லத் தோண்டிட்டு நகையக் குடுக்கியா? வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். கல்லோட குடு. இல்லன்னா போலீஸ் ஸ்டேஷன்ல பேசிக்கிடுவோம்."

பேசரியைத் தொடாமலே போனார். போனவர் சும்மா போனாரா? குழுவிலும் எழுதிப் போட்டார். வழக்கமாக இவளிடம் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிக்க இறங்கும் பெண்கள், மறுநாள் முந்தானையில் முடிந்துகொண்டே முங்கினார்கள். போலீஸுக்குக்கூட அவள் பயப்படவில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை மூவாயிரம் ரூபாயையும் பேசரியையும் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு ஜங்ஷனுக்குப் பஸ் ஏறினாள். இனி ஒரு பொருள்கூட மூட்டமாகத் தன் கையை விட்டுப் போகக் கூடாது என்று அப்படியொரு வைராக்கியம்.

சல்மான் ஃபாரிஸ் அங்கே பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்கிறவன். வாய் ஓயாது அவனுக்கு. குழல் நீண்ட பெரிய கேமரா ஒன்றை எடுத்து வைத்தான்.

"ஒரு மைல் தள்ளி நிக்கவனையும் கிட்டக் கொண்டாந்துரும்க்கா."

"ஒரு மைல் தள்ளி நிக்கவன வச்சு நான் என்ன செய்யப்போறேன்? எனக்கு ஒரு சாண்ல இருக்கது தெரியணும்." பேசரியை மேசையில் வைத்தாள். "இத எடுத்துக் காட்டுங்க தம்பி. எது தெளிவா காட்டுதோ அதுக்குத்தான் காசு."

பெரிய கேமரா குழலை முன்னும் பின்னும் நீட்டிப் பார்த்துத் தோற்றது. அடுத்தது பளபளவென்ற சிவப்புக் கேமரா, பதினோராயிரம். அதிலும் மூட்டம்தான்.

"பவுசுக்கு மட்டும் கொறச்சலில்ல," என்றாள்.

சல்மானுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடித்தட்டைக் கிளறி, மூலை நசுங்கிய குட்டிக் கேமரா ஒன்றை எடுத்தான். அதில் பூப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது.

"நான் பூவெல்லாம் எடுக்கதில்ல தம்பி."

"கிட்டத்துல எடுக்கதுக்குத்தான்க்கா அது. கைய ஆட்டாம பைய அமுக்குங்க."

தீப்பெட்டியை நிறுத்தி அதன்மேல் பேசரியை வைத்தான். அவள் கேமராவை மேசையோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு விரற்கடை தூரத்தில் வைத்து அமுக்கினாள். அவன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். ஆறு கல்லும் தனித்தனியாக ஜொலித்தன. ஏழாவது குழி வந்தது. அது வெறுமையாகவே இல்லை! மேலே எண்ணெய் அழுக்கு, அதற்குக் கீழே குழி முட்ட மஞ்சள், காய்ந்து கல்லாக இறுகியிருந்தது.

இசக்கிச்செல்விக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது பாருங்கள்! டீச்சர் வெள்ளி தவறாமல் முகத்தில் மஞ்சள் பூசிக் குளிக்கிறவர். அந்த மஞ்சளை விற்கிறவளே இவள்தான். நேற்றுத் தோண்டிய குழியில் இத்தனை மஞ்சள் எப்படி இறுகும்? கல் விழுந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்க வேண்டும்.

"எம்மா, இசக்கியம்மா! காப்பாத்திட்டியே!" என்று சாமியைக் கூப்பிட்டு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மூவாயிரம் குடுங்கக்கா," என்றான் சல்மான்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு. நான் ஊருக்கு நடந்தா போவேன்?"

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். படத்தை அவள் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் குழுவில் போட்டாள். கீழே ஒரே வரி: "கல்லு இருந்த எடத்துல என்ன இருக்குன்னு எல்லாரும் பெருசாக்கிப் பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை. படித்துறை நிறையக் கூட்டம். சங்கரி டீச்சர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"படத்தப் பாத்தேன் இசக்கி. இத்தன நாளா நான் அதக் கழத்தினதும் இல்ல, கிட்ட வச்சுப் பாத்ததும் இல்ல," என்று கையை நீட்டினார்.

இசக்கிச்செல்வி கொடுக்கவில்லை.

"அடையாளம் சொல்லுங்க டீச்சர்."

துவைக்கிற சத்தம் நின்றது.

"பேசரி. ஏழு குழி, ஆறு கல்லு." டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏழாவது கல்லத் தொலைச்சது நான்தான். நீ எடுக்கல."

"அக்கரைக்குக் கேக்கல டீச்சர்."

டீச்சர் மறுபடி சொன்னார். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், அக்கரைக்குக் கேட்கும்படியே சொன்னார், கண்ணும் கலங்கியிருந்தது. இசக்கிச்செல்வி பேசரியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

படியில் நின்றிருந்த ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மோதிரத்தை எடுத்து இசக்கிச்செல்வியிடம் நீட்டினாள்.

"இத வச்சிரு இசக்கி. முங்கிட்டு வாரேன்."