அது வந்துச்சா

ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடியும் கேட்டார்.

"அது வந்துச்சா?"

"இன்னும் வரலப்பா," என்றாள் பெரியவள்.

ஒரு வாரமாக இதே கேள்வி, இதே பதில். உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதும் மனிதருக்கு வரிப் பணத்தின் மேல் ஆசை போகவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்தில் எரிச்சல்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கை நடுங்க ஆரம்பித்ததும், அடுத்தவர் உயிரோடு விளையாடக் கூடாது என்று வருஷத்தின் பாதியிலேயே வேலையை விட்டுவிட்டார். கம்பெனியோ அவர் முழு வருஷமும் சம்பளம் வாங்குவார் என்று கணக்குப் போட்டு மாதாமாதம் வருமான வரியைப் பிடித்திருந்தது. பாதி வருஷச் சம்பளத்துக்கு அவ்வளவு வரி கிடையாது, அதிகமாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பிறகு கேட்கவா வேண்டும். அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள்; கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் எண்ணம். தட்டுத்தடுமாறி ரிட்டன் போட்டாள். வரி ஆபீஸ் எருமைமாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தது. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் "பணம் வந்துச்சா?" என்று கேட்டுவிடுவார்.

படுக்கையில் விழுந்த பிறகு பேச மூச்சுப் போதவில்லை. அதனால்தான் 'பணம்' சுருங்கி 'அது' ஆகிவிட்டது என்று நினைத்தாள்.

இனி நம் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அன்று, கணவன் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான்.

"வந்துடுச்சுன்னு சொல்லிடு. மனுஷன் நிம்மதியா போகட்டும்."

அவளுக்கும் சரியென்று பட்டது. அப்பா கண் திறந்ததும் காதருகே குனிந்தாள்.

"வந்துடுச்சுப்பா."

அவர் முகம் மாறியது. நழுவிக் கிடந்த போர்வையை மார்புவரை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு சிரமப்பட்டுத் தலையை வாசல் பக்கம் திருப்பினார். அவளும் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஏன் வெளியவே நிக்குது? உள்ள வரச் சொல்லு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கை. தங்கையை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பிறந்ததிலிருந்து அது சாப்பிட்டுச்சா, அது தூங்கிடுச்சா என்றுதான். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவளை இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொன்ன நாளோடு அந்த 'அது'வும் நின்றுபோனது. நான் செத்தாலும் அவளுக்குச் சொல்லி அனுப்பாதே என்றிருந்தார். அந்தப் பேச்சுக்குப் பயந்து பெரியவள் சொல்லவே இல்லை.

"இதோ வரச் சொல்றேம்பா," என்று ஓடிப்போய் போனை எடுத்தாள். மணி அடிக்க அடிக்கவே கட்டிலுக்குத் திரும்பினாள். மறுமுனையில் தங்கை "அக்கா?" என்றபோது அப்பாவின் கண்கள் வாசலிலேயே இருந்தன. இமைக்கவில்லை.

தங்கை வந்து சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். அழவில்லை.

"கடைசியா என்ன கேட்டாரு?" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டாள்.

உன்னைத்தான் கேட்டார் என்றால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பெரியவள் யோசித்தாள். அதற்குள் கணவன் முந்திக்கொண்டான். பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது.

"வேற என்ன, அந்த வரிப் பணம்தாம்மா. அது வந்துச்சா, அது வந்துச்சான்னு ஒரு வாரமா அதே பேச்சு."

தங்கை தலையாட்டினாள். படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெரியவள் இறங்கி வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

பூமாலையோடு யாரோ வந்தார்கள். அவர்கள் உள்ளே போவதற்காகத் தங்கை இன்னும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள்.