கிழிந்த தாள்

முதல் அடி கன்னத்தில் விழுந்ததுமே தையல்காரி மனசுக்குள் வேதத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். புத்தகம் கட்டும் பட்டறையில் பதினாறு வருஷமாக வேதத்தின் தாள்களை மடித்து ஊசியால் தைக்கிறவள் அவள். பெண்கள் அதைத் தைக்கலாம், வாசிக்கக் கூடாது. எவன் வகுத்த நியாயமோ! ஊசி போன வழியில் கண்ணும் போனதில் முழுப் புத்தகமும் அவளுக்கு மனப்பாடம்.

அடிக்கிறவன் அவள் புருஷன். பிரார்த்தனைக் கூடத்தில் வேதம் வாசிக்கிறவன். ஊருக்குத்தான் உபதேசம்.

"யாரைக் கேட்டுடி இதைத் தொட்டே? பொம்பளை வாயில வர்ற வார்த்தையா இது?"

மேசையைத் துடைக்கும்போது, அவன் கூடத்தில் வாசிக்கும் வேதப் புத்தகத்தை நகர்த்தி, ஒரு வரியை முணுமுணுத்துவிட்டாள். குற்றம் அவ்வளவுதான்.

வழக்கமாக ஏழாவது வசனத்துக்குள் அவன் கை ஓய்ந்துவிடும். அந்த ஏழு வசனங்களைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தாள். இன்று பதினைந்தைத் தாண்டியும் ஓயவில்லை. அந்தத் தடித்த புத்தகத்தையே எடுத்து அவள் தாடையில் ஓங்கி அறைந்தான். பல் ஒன்று தெறித்தது. புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாள் பிய்ந்து ரத்தத்தில் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. எந்தத் தாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பொறுத்துக்கோ. அடிக்கிற கைதான் அணைக்கும்," என்றாள் சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா. அந்தக் கை அணைத்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

மறுநாள் காலை கூடம் நிரம்பியிருந்தது. கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். தாளைப் புரட்டினான், திரும்பவும் புரட்டினான். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழித்தான்.

முக்காட்டால் தாடையை மறைத்திருந்தவள் பின்வரிசையில் எழுந்தாள். வீட்டில் கொன்றே போடுவான் என்று தெரியும். வீங்கிய வாயால் சொன்னாள்:

"எளியவள்மேல் ஓங்கிய கையை நான் காணவில்லை என்று எண்ணாதே. அடைத்த கதவுக்குள்ளும் நான் இருக்கிறேன்."

"உட்காருடி," என்று பல்லைக் கடித்தான். அவள் கிழிந்த தாளைக் கடைசி வரிவரை சொல்லி முடித்தாள்.

கூடத்தின் தலைவர் அவன் தோளைத் தட்டினார். "பொம்பளை வாய் தொறந்தது தப்புதான். ஆனாலும் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க!"

அவள் முக்காட்டை விலக்கினாள்.

"அவரு சொல்லிக் குடுக்கலீங்க ஐயா. இந்தப் புஸ்தகத்தாலதான் அடிச்சாரு. காணாமப்போன தாள் எங்க வீட்டுத் தரையில என் ரத்தத்துல ஒட்டிக் கெடக்கு."

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, அடுத்த பக்கம் வாசிங்க."

வாசிக்கிறவன் பக்கத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டே இருந்தான். அவள் நின்றபடியே அடுத்த பக்கத்தையும் சொல்ல ஆரம்பித்தாள்.